ரோடு வேண்டாமென்று மனுக் கொடுத்த லூர்தம்மாள்

செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது லூர்தம்மாளின் மகன் அந்தோணியிடமிருந்து போன் வந்தது. "சார், அம்மா தவறிட்டாக. எந்திரிச்சு ஒக்காந்து சுடுதண்ணி கேட்டாக. நான் கொண்டாந்து பாத்தா இல்ல" என்றார். வாயில் நுரையோடு நான் முதலில் சொன்ன வார்த்தை "அப்பாடா." சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெற்ற தாயைப் பறிகொடுத்த மனிதரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? ஆனால் அந்தோணி கோபப்படவில்லை. "எனக்கும் அதேதான் சார் வாயில வந்துச்சு" என்றார்.

லூர்தம்மாள் அவர்கள் சாகக் காத்திருந்தார் என்றோ, நாங்கள் அதை எதிர்பார்த்தோம் என்றோ யாரும் எண்ண வேண்டாம். எழுபத்தொன்பது வயதிலும் கையில் பை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்வந்தவர். எங்கள் பயம் வேறு. ஒரு காரியம் முடிவதற்குள் இவர் போய்விடக் கூடாது என்பது. அது முடிந்து இருபது நாள் கழித்துத்தான் போனார். அந்த இருபது நாளுக்காகத்தான் அந்த "அப்பாடா".

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் பஞ்சாலையை நம்பி வளர்ந்த சின்ன நகரங்களில் எங்களுடையதும் ஒன்று. ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. நகராட்சியில் இன்னும் வேலையில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சங்கடம் வேண்டாம். நான் அந்த நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் எழுத்தராகக் குப்பை கொட்டியவன். லூர்தம்மாள் மில்லின் ரீலிங் பிரிவில் நூலைச் சுற்றிச் சிட்டம் போட்டவர். அனுமந்தன்பட்டியில் வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, கன்னியர் பள்ளியில் எட்டாவது வரை படித்து, கல்யாணம் முடிந்து எங்கள் ஊர் மில் லைனுக்கு வந்து சேர்ந்தார். எட்டாவது என்று சொல்லிவிட்டேனே தவிர, அவர் கையெழுத்துக்கு முன்னால் எங்கள் ஆபீஸ் பட்டதாரிகளின் கையெழுத்தெல்லாம் கோழி கிளறியதுதான்.

அந்தக் காலத்தில் ஊருக்கு இரண்டு நகராட்சிகள் இருந்தன என்றே சொல்லலாம். ஒன்று எங்களுடையது. மற்றது மில். மில் லைனில் எதிரெதிரே இரண்டு வரிசையாக நாற்பத்தாறு தொழிலாளர் வீடுகள். அந்தத் தெருவைக் கூட்டுவது மில் ஆள், குழாய் மில் குழாய், விளக்கு மில் விளக்கு. ஊர் முழுக்கத் தண்ணீர் வராத நாளிலும் அங்கே வரும். அதில் அந்த ஜனங்களுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. எங்கள் தெருப் பதிவேட்டில் அந்தத் தெரு கிடையாது. இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

நான் வேலையில் சேர்ந்த இரண்டாவது வருஷம் மழை அடித்து ஊற்றியது. மில் லைன் தெரு சேறாகி, குடத்தோடு பெண்கள் வழுக்கி விழுந்தார்கள். வார்டு கவுன்சிலர் இரக்கப்பட்டு, நகராட்சியே தார் போடட்டும் என்று பேசி, ஓவர்சியர் டேப்போடு போய் அளந்தும் வந்துவிட்டார். மறுநாள் பத்து மணிக்கு என் மேஜை முன்னால் ஒரு பெண்மணி வந்து நின்றார். தலையில் பஞ்சுத் தூசி. ஷிப்டு முடிந்து நேராக வந்திருக்கிறார். கையில் சங்க முத்திரை குத்திய ஒரு கடிதம்.

"சார், எங்க தெருவுக்கு ரோடு வேணாம்."

நான் சரியாகத்தான் கேட்டேனா என்று அவரைப் பார்த்தேன். "வேணுமா, வேண்டாமா?"

"வேணாம். அது மில்லுத் தெரு. மில்லுதேன் போடணும். நீங்க போட்டீகன்னா மொதலாளி நழுவிக்கிருவாரு. இன்னைக்கு ரோட்ட விட்டா நாளைக்குக் கொழாய விடுவாரு, நாளான்னைக்கு எங்களையே விடுவாரு. நாங்க சங்கத்துல போராடிக்கிட்டு இருக்கோம். நீங்க நடுவுல பூந்து கெடுத்துப்புடாதீக."

கடிதத்தில் இருந்தது இதுதான்: மேற்படி தெரு முழுவதும் மில்லுக்குச் சொந்தம், அதைப் பராமரிக்கும் பொறுப்பு மில் நிர்வாகத்துடையது, நகராட்சிக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. கீழே கமிட்டி உறுப்பினர் என்று அவருடைய முத்து முத்தான கையெழுத்து. ரோடு கேட்டு வந்த மனுக்களால் முதுகு ஒடிந்திருந்த எங்கள் ஆபீஸ், ரோடு வேண்டாம் என்ற மனுவைப் பார்த்து ஒரு வாரம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே ஃபைலில் கோத்தேன். ஆனால் மூன்று மாதம் கழித்து மில் நிர்வாகமே அந்தத் தெருவுக்குத் தார் போட்டது. அன்று லூர்தம்மாள் எங்கள் ஆபீஸ் வாசல் வழியாகப் போனார். உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஒரு ஆட்டு ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். எரிச்சலாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அவர் வருஷம் தவறாமல் வந்தார். எங்கள் பக்கம் சித்திரை மாதம் வீரபாண்டி அம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் வெறுங்காலோடு நடந்து போவார்கள். வெயில் தார் ரோட்டை உருக்கும். அதனால் பக்தர்கள் நடக்கிற தெருக்களில் நகராட்சித் தண்ணீர் லாரி போய் ரோட்டை நனைத்துவிட்டு வரும். இது பல காலமாக உள்ள வழக்கம். காமயகவுண்டன்பட்டிப் பக்கமிருந்து வருகிறவர்கள், நிழலுக்காக மெயின் ரோட்டை விட்டு மில் லைன் வழியாகத் திரும்புவார்கள். அங்கே இரண்டு ஓரமும் வேப்பமரங்கள். ஆனால் மரத்துக்கு மரம் நடுவே தார் கொதிக்கும்.

சித்திரை பிறப்பதற்கு முன்பே லூர்தம்மாள் மனுவோடு வந்துவிடுவார். "சகல ஊர்ப் பொதுமக்களும் மில் லைன் தெரு வழியாக நடந்து போகிறபடியால், தண்ணீர் லாரியை அங்கேயும் அனுப்பித் தர வேண்டுகிறேன்." ஒரு தடவை நான் குத்தலாகவே கேட்டேன், "ஏம்மா, உங்க தெருவுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? அதுவுமில்லாம, வேதக்காரவுகளுக்கு அம்மன் கோயில் ஜனத்து மேல என்ன அக்கறை?"

"தெரு மில்லுது சார். நடக்குற காலு மில்லுதா?" என்றார் அவர். "அவுக அம்மனுக்கு நடக்குறாக, நாங்க மாதா கோயிலுக்கு நடக்குறோம். நடந்து பாத்தவளுக்குத்தேன் தெரியும். ஒரு பிள்ளத்தாச்சிப் பொண்ணு எங்க வீட்டு வாசல்ல நின்டு ரெண்டு காலையும் மாத்தி மாத்தித் தூக்குது. பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றீகளா?"

கமிஷனர் மனுவின் ஓரத்தில் "லாரி அனுப்புக" என்று எழுதிக் கையெழுத்திடுவார். மனு அப்படியே லாரி டிரைவர் கைக்குப் போகும். கமிஷனர்கள் மாறினார்கள். மனு மாறவில்லை. கையெழுத்தும் மாறவில்லை.

பிறகு மில்லுக்குக் கெட்ட காலம் வந்தது. மூன்று ஷிப்டு இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, ஒருநாள் சங்கு ஊதவில்லை. ஊரே கடிகாரம் நின்றுபோனது போல் தடுமாறியது. எங்கள் ஆபீஸில்கூட ஒரு வாரம் யாரும் சரியான நேரத்துக்குச் சாப்பிடவில்லை. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, குடியிருந்த வீடுகளைத் தொழிலாளர்கள் பேருக்கே எழுதிக் கொடுத்தார்கள். நாற்பத்தாறு பத்திரங்கள். எல்லாவற்றிலும் வாசல் பக்கத்து எல்லை "மில் பாதை" என்றே இருந்தது. வீடு கிடைத்த சந்தோஷத்தில் வாசலை யாரும் கவனிக்கவில்லை.

நான் ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து, மில்லின் மீதி நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கினார். முதல் காரியமாகத் தெருவின் இரண்டு முனையிலும் தூண் நட்டுச் சங்கிலி போட்டார். நடந்து போகலாம், வண்டி போகக் கூடாது. ஆம்புலன்ஸ் வந்தாலும் காவலாளிக்குப் போன் போட்டு, அவர் முதலாளிக்குப் போன் போட்டு, பிறகுதான் சங்கிலி இறங்கும். நடக்கிற வழியும் இன்னும் ஆறு மாதம்தான், அப்புறம் சுவர் எழும்பும் என்று சொல்லியும் விட்டார்கள். சுவர் வந்தால் அந்த வீடுகளுக்குப் பின்பக்கத்து வாய்க்கால் கரைதான் வழி. நாற்பத்தாறு குடும்பமும் சேர்ந்து கோட்டாட்சியரிடம் போனார்கள். இது பொதுத் தெரு என்றார்கள். முதல் விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் பையிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்து நீட்டினார். நகராட்சி ஃபைலிலிருந்து முறைப்படி வாங்கிய நகல். மேற்படி தெரு முழுவதும் மில்லுக்குச் சொந்தம், நகராட்சிக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. கீழே லூர்தம்மாளின் கையெழுத்து.

அன்று சாயங்காலம் அவர் என் வீட்டுக்கு வந்தார். அத்தனை வருஷத்தில் அவர் என் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"பாத்தீகளா சார், என் கடுதாசி என்ன வேலை செஞ்சுருக்குன்டு? எதுத்த வீட்டுச் செல்லத்தாயி முப்பது வருசப் பழக்கம். என்னையக் கண்டதும் மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போறா. அவ மேல தப்பில்ல. நாஞ் செத்துப் போனா ஒரு ரெண்டு நாளைக்கு அழுவாக. ஆனா அந்தத் தெருவுல சொவரு நின்டுச்சுன்னா, இது லூர்து அடச்ச தெருன்டு காலத்துக்கும் பேரு நிக்கும் சார். அந்தப் பேரோட என்னையப் பொதைக்கக் கூடாது."

நான் ஆறுதல் சொல்லுவதாக நினைத்துக்கொண்டு ஒரு மடத்தனமான பேச்சைப் பேசினேன். "நான் மட்டும் வேலையில இருந்திருந்தா அந்தத் தாள் ஃபைல்ல இருந்திருக்காதும்மா" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அதென்ன பேச்சு? எழுதுனது நானு. கிழிச்சுப் போட்டா எழுதலைன்டு ஆயிருமா? இன்னைக்கு எனக்காகக் கிழிப்பீக, நாளைக்கு அந்தாளுக்காக இன்னொருத்தர் கிழிப்பாரு. வேற வழி இருந்தாச் சொல்லுங்க."

வேறு வழி இருந்தது. அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். அவருடைய சித்திரை மனுக்கள். ஒவ்வொன்றிலும் பொதுமக்கள் நடக்கிற தெரு என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் கமிஷனர் கையெழுத்திட்டு நகராட்சி லாரியை அனுப்பியிருக்கிறார். தனியார் பாதைக்கு எந்த நகராட்சி வருஷா வருஷம் தண்ணீர் தெளிக்கும்? ஆனால் அந்த மனுக்களைப் பதிந்த தபால் பதிவேடுகள் ரிக்கார்டு ரூமில் இல்லை. காலம் கடந்த பதிவேடுகள் என்று பட்டியல் போட்டு அழித்துவிட்டார்கள். அந்தப் பட்டியலில் "பாதுகாக்கத் தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். இதை அன்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஒரு மாதம் அலைந்தேன். தாலுகா ஆபீஸ், பெரியகுளம், மறுபடி நகராட்சி. என்னைக் கண்டாலே ரிக்கார்டு ரூம் பையன்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். கடைசியில் மூளை கொஞ்சம் வேலை செய்தது. தபால் பதிவேடு போனால் போகட்டும், மனுத்தாள் எங்கே போனது? டிரைவர் கைக்குத்தானே போனது?

தண்ணீர் லாரி ஓட்டிய பாண்டி, ஓய்வு பெற்று இப்போது பேரனின் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"சார், எழுத்துல ஆர்டர் இல்லாம நான் வண்டிய ஒரு அடி நகட்டுனது இல்ல. டீசலு எங்கன போச்சு, தண்ணி எங்கன போச்சுன்டு எவனாச்சும் கேட்டா நாந்தேன மாட்டணும்? ஒரு தாளத் தொலைக்கல. எல்லாம் செட்டுல கம்பில குத்திக் கெடக்கு, போய்ப் பாருங்க."

லாரி ஷெட்டின் பின்சுவரில், பழைய டயர்களுக்கு மேலே, வளைத்த கம்பியில் ஒரு முழ உயரத்துக்குத் தாள்கள் குத்தியிருந்தன. கிரீஸ் கறை, பல்லி முட்டை, ஓரமெல்லாம் எலி கடித்தது. நடு நடுவே அந்த முத்து முத்தான கையெழுத்து. நான் டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பத்தொன்பது மனுக்கள். பத்தொன்பதிலும் கமிஷனர் கையெழுத்து. அன்று எனக்கு வந்த அழுகையைப் பற்றிப் பாண்டி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும்.

ஷெட்டும் அதிலுள்ள தாள்களும் நகராட்சியுடையவை. ஆகவே கமிஷனர் மூலமாகவே முறைப்படி அவற்றைக் கோட்டாட்சியர் முன் வைத்தோம். அவர் அந்தப் பழைய கடிதத்தை ஒரு கையிலும் மனுக்கட்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு லூர்தம்மாளைப் பார்த்தார். இளம் வயது அதிகாரி. குரலில் மரியாதை இருந்தது.

"அம்மா, இதுவும் நீங்க எழுதினது, அதுவும் நீங்க எழுதினது. ஒண்ணுல மில்லுத் தெருங்கறீங்க, இன்னொண்ணுல பொதுமக்கள் தெருங்கறீங்க. நான் எதை நம்புறது?"

எங்கள் வக்கீல் எழுந்தார். லூர்தம்மாள் கையை நீட்டி அவரை உட்காரச் சொன்னார்.

"ரெண்டும் நான் எழுதுனதுதேன்யா. மொதக் கடுதாசி மொதலாளி மேல கோவத்துல எழுதுனது. அப்ப எனக்குச் சண்டைதேன் தெரிஞ்சுச்சு, தெரு தெரியல. மத்த மனுவெல்லாம் வாசல்ல நின்டு ஆளுக நடக்குறதப் பாத்து எழுதுனது. கோவத்துல எழுதுனது ஒரு தாளு. கண்ணால பாத்து எழுதுனது பத்தொம்பது. நான் செஞ்ச தப்புக்கு என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க. நடக்குற சனத்த மறிச்சுப்புடாதீக."

எதிர்த்தரப்பு வக்கீல் குனிந்து தன் ஃபைலைப் புரட்டினார்.

உத்தரவு வர ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் அவருக்கு லேசாகக் காய்ச்சல் வந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும். "ஏலே அந்தோணி, கிளார்க்கு சார் டாக்டருக்கு மேல விசாரிக்கிறாரு" என்று மகனிடம் கேலி பேசுவாராம். உத்தரவு வந்தது. அந்தத் தெரு நீண்டகாலப் பொதுப் பயன்பாட்டில் உள்ள பாதை, தடைகளை அகற்றி நகராட்சி தன் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். மறுநாள் காலையில் நகராட்சி ஆட்கள் வந்து தூணைப் பிடுங்கினார்கள். தெருவே கூடி நின்றது. லூர்தம்மாளைக் காணோம். வீட்டுக்குள் போனால், செல்லத்தாயி அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருக்கிறார், இவர் கட்டிலில் உட்கார்ந்து அதற்குச் சர்க்கரை அளவு சொல்லிக்கொண்டிருக்கிறார். இருவரும் எதையும் பேசித் தீர்த்ததாகத் தெரியவில்லை. பேசித் தீர்க்க வேண்டியதும் இல்லை போலிருக்கிறது.

அன்றுதான் என் பாரத்தை இறக்கினேன். பதிவேடுகளை அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான் என்று சொன்னேன். இத்தனை நாள் மறைத்ததற்கு வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நான் ஒரு கையெழுத்துப் போட்டுக் கெடுத்தேன், நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் கெடுத்தீக. நல்ல கூட்டு! ஆத்தா செல்லத்தாயி, தம்பிக்கும் ஒரு தம்ளர் ஊத்து."

நாற்பது வருஷமாக "சார்" என்று கூப்பிட்டவர் அன்று தம்பி என்றார். அந்தக் காப்பியில் சர்க்கரை அதிகம். சொட்டு விடாமல் குடித்தேன்.

அடக்கத்தன்று மாதா கோயில் மணி அடிக்க, அவரை அந்தத் தெரு வழியாகத்தான் கொண்டு போனோம். அமரர் ஊர்தி வீட்டு வாசல் வரைக்கும் வந்து நின்றது. யாருக்கும் போன் போட வேண்டியிருக்கவில்லை. செல்லத்தாயி தேங்காயெண்ணெய் தடவிய தன் தலையைப் பெட்டியின் மேல் வைத்து அழுததை இங்கே விவரிக்க எனக்குத் தெம்பில்லை.

ஆறு நாள் கழித்து, இறப்பைப் பதிவு செய்ய அந்தோணியோடு நகராட்சிக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு சின்னப் பெண். என் காலத்தில் வேலைக்குச் சேராதவள், என்னைத் தெரியாது. முகவரி கேட்டாள். அந்தோணி பழக்கதோஷத்தில் "மில் வளாகம்" என்றார். அந்தத் தெருவில் அதுவரை செத்தவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"அப்படி எழுதக் கூடாதுண்ணே, தெருப் பேரு வேணும்" என்று அவள் திரையில் பட்டியலை உருட்டினாள். "மில் லைன் தெருன்னு ஒண்ணு புதுசாச் சேத்துருக்காக. அதுவா?"

அந்தோணி திரையை எட்டிப் பார்த்தார். நான்தான் "அதேதாம்மா" என்றேன். அவள் ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான் வேலை. எங்கள் நகராட்சி தன் தெரு என்று ஒத்துக்கொண்ட மில் லைன் தெருவின் முதல் பதிவு அது. சாவுக்குப் பதிலாக ஒரு பிறப்பு முதலில் வந்திருக்கக் கூடாதா என்று லூர்தம்மாள் கட்டாயம் குறைப்பட்டிருப்பார்.

சான்றிதழை வாங்கிக்கொண்டு அந்தோணி கிளம்பிய பிறகும் எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம் கெஞ்சி, தெருப் பட்டியல் முழுவதையும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை காட்டச் சொன்னேன். எழுத்தர் புத்தி, கடைசி வரை சரிபார்க்காமல் விடாது.

லூர்தம்மா, நீங்கள் பயந்த "லூர்து அடச்ச தெரு" என்ற அந்தப் பேர் எங்கேயும் இல்லை. நான் பார்த்துவிட்டேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.